மரம் நீரை ஏற்கும் இயல்பும் வெப்பப் பதமும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமொன்றில் நிகழ்த்திய உரை)



ஐப்பசியில் அடைமழை பிடித்ததும் பள்ளிக்கூடத்துக் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், சித்திரையில் அதே கதவின் பலகைகளுக்கிடையே வெளிச்சம் தெரிவதும் நம் கிராமங்களில் யாவரும் கண்டதே. மழைக்காலத்தில் தச்சரை அழைத்து விளிம்பை இழைக்கச் சொல்கிறோம். கோடையில் அந்த இழைத்த இடமே சந்தாகிவிடுகிறது. தேளும் பாம்பும் நுழைய அது போதும். இரண்டு மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின் புதுக் கதவுக்கு மதிப்பீடு தயாராகிறது. இதில் எவர் நேர்மையையும் குறை சொல்வதற்கில்லை. மரத்தின் குணத்தைக் கேட்டறியாமல் அதை வாங்குவதால் வரும் செலவு இது.

இப்பொழுது சந்தையில் புதிய பேச்சொன்று நடமாடுகிறது. "இது வெப்பப் பதமிட்ட மரம், தண்ணீர் குடிக்காது, ஒருநாளும் உப்பாது, கரையான் தொடாது" என்று விற்பவர் சொல்லுகிறார். விலையும் அதற்கேற்பச் சொல்லப்படுகிறது. இக்கூற்றில் ஒரு பங்கு உண்மை, ஒரு பங்கு மிகை, ஒரு பங்கு முழுப் பொய். அவற்றைப் பிரித்துக் காட்டுவதே நாம் இன்று எடுத்துக்கொண்ட வேலை. உறுப்பினர்கள் தீர்மானம் எழுதும்போதும், உழவர்கள் தங்கள் தோப்பு மரத்தை அறுக்கும்போதும் இது பயன்படும் என்று எண்ணுகிறோம்.

முதலில் மரத்துள் நீர் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு கட்டையைக் குறுக்கே அறுத்துப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், எண்ணற்ற நுண்குழல்களைக் கட்டி வைத்தது போலத் தோன்றும். குழலின் உள்வெளியில் நிற்கும் நீர் ஒன்று. குழலின் சுவருக்குள்ளேயே ஊறி நிற்கும் நீர் மற்றொன்று. புதிதாக வெட்டிய மரத்தில் இரண்டும் உண்டு. அதன் ஈரத்தை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கமாதலால், சில மென்மரங்களில் அது நூற்றுக்கு நூறையும் தாண்டும். மரத்தைவிட நீரே மிகுதி என்பது அதன் பொருள்; அச்சுப் பிழை என்று எவரும் மலைக்க வேண்டியதில்லை.

மரம் உலரும்போது முதலில் உள்வெளி நீர் வெளியேறுகிறது. அது போவதால் எடை குறையுமேயன்றி மரம் சுருங்காது. ஈரம் நூற்றுக்கு 28 அல்லது 30 என்ற அளவுக்கு இறங்கும்போது குழல்கள் வெறுமையாகிச் சுவர்கள் மட்டும் நீர் நிறைந்து நிற்கின்றன. இதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர் நீர் வெளியேறுகிறது, சுவர் மெலிகிறது, மரம் சுருங்குகிறது. மீண்டும் ஈரம் ஏறினால் இதே எல்லை வரைக்கும் உப்புகிறது. அதற்குமேல் எத்தனை நாள் குளத்தில் கிடந்தாலும் எடை கூடும், அகலம் கூடாது. எடைக்கும் அகலத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரின் சோதனைகள் பல இதை மறைத்தே நடத்தப்படுகின்றன.

மரத்துக்கு மழை நேரே பட வேண்டும் என்பதும் இல்லை. காற்றிலுள்ள ஈரத்தையே அது வாங்கும். காற்று வறண்டால் திருப்பித் தரும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 50 ஆக நிலைத்திருந்தால் மரத்தின் ஈரம் சுமார் 9-இல் வந்து நிற்கும். காற்று 80-க்கு ஏறினால் மரம் சுமார் 16-க்கு ஏறும். கடலோரத்துக் கதவும் உள்நாட்டு வறண்ட ஊர்க் கதவும் வேறு வேறு விதமாக நடந்துகொள்வதன் காரணம் இதுவே. ஓர் ஊரில் நன்றாயிருந்த சாமானை மற்றோர் ஊருக்குக் கொண்டுபோனதும் கோணிப்போனால் தச்சரைக் கோபிப்பது நியாயமன்று.

சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இராது. மரத்தின் நீளத்தில் அது ஏறக்குறைய இல்லை எனலாம். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் ஓரளவு உண்டு. ஆண்டு வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையில் அதைப்போல் இரட்டிப்பு. அடக்கமான மரம் என்று பெயர் பெற்ற தேக்கிலேயே, பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும் வரையில், ஒரு திசையில் நூற்றுக்குச் சுமார் 2½, மற்றொரு திசையில் 6-க்குச் சற்றுக் குறைவு. பலகை கிண்ணம்போல் வளைவதற்கும் முறுக்கிக்கொள்வதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே வித்து.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 90 சென்டிமீட்டர் அகலமுள்ள கதவொன்றைத் தேக்குப் பலகைகளை நெருக்கி அடுக்கிச் செய்திருக்கிறார்கள் என்று கொள்வோம். பலகைகள் ஆண்டு வளையத்தை ஒட்டி அறுக்கப்பட்டவை. ஈரம் ஒவ்வொரு புள்ளி ஏறும்போதும் அகலம் நூற்றுக்கு 0.2 வீதம் கூடும். கோடையில் 10-ஆக இருந்த ஈரம் மழையில் 16-ஆகுமானால் 6 புள்ளி. அஃதாவது நூற்றுக்கு 1.2. கதவு முழுமைக்கும் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர். இவ்வளவு இடத்தை எந்தத் தச்சர் விட்டு வைப்பார்? ஆகவேதான் நம் பழைய தச்சர்கள் சட்டக் கதவு செய்தார்கள். சுற்றிலும் குறுகிய சட்டம். அதன் உட்புறத்தில் காடி. காடிக்குள் நடுப்பலகை ஆணியும் பசையும் இன்றிச் சும்மா உட்கார்ந்திருக்கும். அது விரும்பியவாறு உப்பலாம், சுருங்கலாம். கதவின் வெளியளவு அதிகம் மாறாது. இன்றைக்குச் சிலர் அந்தக் காடியில் பசையை வார்த்துப் பலகையை இறுக்கிவிடுகிறார்கள். பிறகு பலகை வெடித்தது என்று மரத்தின்மேல் பழி வருகிறது.

வண்டிக்காரர்களுக்கும் இந்த விஷயம் தெரியும். கட்டை வண்டி இன்று அருகிவிட்டாலும், கோடையில் ஆரக்கால்கள் ஆட்டம் கொடுத்தால் சக்கரத்தைக் கழற்றிக் குளத்தில் போட்டு வைப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். வட்டையும் குடமும் ஊறி உப்பி, வெளியே உப்ப முடியாமல் இரும்புப் பட்டா தடுப்பதால், எல்லாம் இறுகிவிடும். ஆனால் அடுத்த கோடையில் ஆட்டம் முன்னைவிட அதிகமாகும். பட்டாவுக்குள் நசுங்கிய மர நார் உலரும்போது பழைய அளவைவிடக் குறுகிப்போவதே அதற்குக் காரணம். நிலையில் இறுகிய கதவை ஒவ்வொரு மழைக்கும் உதைத்து மூடினால் அதற்கும் இதே கதிதான்.

இனி வெப்பத்துக்கு வருவோம். மரத்தைச் சூடேற்றுவது என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு வேலைகள் அடங்கிக் கிடக்கின்றன. இவற்றைக் குழப்புவதால்தான் ஏமாற்றம் நேருகிறது.

ஒன்று, உலர்த்துதல். நிழலில் அடுக்கி உலர்த்தினாலும், உலர்த்தும் அறையில் வைத்து 50 முதல் 80 சென்டிகிரேடு டிகிரி வரை சூடேற்றினாலும், இருக்கிற ஈரம் வெளியேறுகிறதேயன்றி மரத்தின் நீர் வாங்கும் குணம் பெரிதாக மாறுவதில்லை. நன்றாக உலர்த்திய மரமும் மழைக்காலத்தில் உப்பத்தான் செய்யும். இருந்தும் உலர்த்துதல் இன்றியமையாதது. பச்சை மரத்தில் செய்த கதவு முதல் கோடையிலேயே தன் முழுச் சுருக்கத்தையும் காட்டிவிடும்.

இரண்டாவது, பூச்சியைக் கொல்லும் சூடு. வெளிநாட்டுச் சரக்கோடு வரும் மரப்பெட்டிகளிலும் அடித்தட்டுகளிலும் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு எச்.டி. என்ற முத்திரை சுடப்பட்டிருப்பதைக் காணலாம். 2002-ஆம் ஆண்டில் நாடுகளுக்கிடையே ஏற்பட்ட விதியின்படி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிஷம் இருந்தது என்பதற்கு அது அடையாளம். பூச்சியும் புழுவும் ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குப் போகாமல் தடுப்பதே அதன் நோக்கம். மரம் உலர்ந்திருக்கிறது என்றோ நீர் வாங்காது என்றோ அந்த முத்திரை சொல்லவில்லை. பின்னால் பூச்சி ஏறாது என்றும் சொல்லவில்லை. துறைமுகப் பக்கத்திலிருந்து மலிவாக வரும் இந்தப் பலகைகளில் பெஞ்சு செய்து, "வெப்பப் பதமிட்டது" என்று விலை கூட்டுபவரிடம் முத்திரையின் பொருளை எடுத்துச் சொல்லுங்கள். எம்.பி. என்ற முத்திரை இருந்தால் அது மெதில் புரோமைடு என்ற நச்சுப் புகை போடப்பட்ட மரம். அதைப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வாங்காதிருப்பதே நலம்.

மூன்றாவதுதான் உண்மையான வெப்பப் பதம். இதில் மரம் 160 முதல் 220 டிகிரி வரை சூடேற்றப்படுகிறது. நீர் கொதிக்கும் சூட்டைப்போல் இரு மடங்கு என்று சொன்னால் அளவு விளங்கும். திறந்த காற்றில் இதைச் செய்தால் மரம் கருகிப் பற்றிக்கொள்ளும். ஆதலால் மூடிய அறையில் காற்றை விலக்கி நீராவியை நிரப்பிக்கொண்டு செய்கிறார்கள். நைட்ரஜன் வாயுவிலும் சூடான தாவர எண்ணெயிலும் செய்கிற முறைகளும் உண்டு.

அமெரிக்காவில் மேடிசன் நகரத்தில் 1910-இல் ஏற்பட்ட வனப்பொருள் ஆய்வுக்கூடத்தில் ஆல்பிரட் ஸ்டாம் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும் 1940-களில் மரத்தை உருகிய உலோகத்தின் அடியில் அமிழ்த்திச் சூடேற்றிப் பார்த்தார்கள். மரம் உப்புவது பெரிதும் குறைந்தது; ஆனால் வலுவும் குறைந்தது. அதனால் அது வியாபாரமாக ஓங்கவில்லை. பிறகு 1990-களில் பின்லாந்து நாட்டார் நீராவி முறையைச் செம்மைப்படுத்தித் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் மரத்தை முற்ற உலர்த்துவது, பிறகு 185 முதல் 215 டிகிரி வரையான ஒரு சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்துவது, அதன்பின் நீர் தெளித்து மெல்ல ஆற்றிச் சிறிது ஈரத்தைத் திருப்பித் தருவது என்பது அவர்கள் வகுத்த படிமுறை. பைன் போன்ற மலிவான மென்மரத்தை நெடுநாள் உழைக்கச் செய்வது அவர்கள் தேவை. தேக்கும் வேங்கையும் இல்லாத நாடு அது.

இந்தச் சூட்டில் மரத்துள் நிகழ்வது என்ன? மரச் சுவரில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று மூன்று பொருள்கள் முக்கியமானவை. செல்லுலோஸைக் கட்டிடத்துக் கம்பி என்றும், லிக்னினைச் சுண்ணச்சாந்து என்றும், ஹெமிசெல்லுலோஸை இரண்டையும் இணைக்கும் கட்டு என்றும் உவமையாகக் கொள்ளலாம். நீரைப் பிடித்து வைக்கும் கொக்கிகள் இவற்றில் இருக்கின்றன; இரசாயன நூலார் அவற்றை ஹைட்ராக்சில் என்பர். ஹெமிசெல்லுலோஸில் இந்தக் கொக்கிகள் மிகுதி. சூட்டுக்கு முதலில் அழிவதும் அதுவே. அது அழியும்போது காடியின் புளிப்புப் பொருளான அசெடிக் அமிலம் வெளிவந்து அழிவை இன்னும் விரைவாக்குகிறது. லிக்னின் தனக்குள் புதுப் பிணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு இறுகுகிறது. கொக்கி குறைந்ததால் சுவர் வாங்கும் நீரும் குறைகிறது. 200 டிகிரிக்கு மேற்பட்ட பதத்தில் மரத்தின் ஈரம் சாதாரண மரத்தில் நிற்பதைவிட ஏறக்குறையப் பாதியாகிறது. உப்பும் அளவும் நூற்றுக்கு 40, 50 வரை குறைகிறது. முன்பு சொன்ன கதவில் 11 மில்லிமீட்டர் என்றிருந்தது 6 ஆகும். உண்மை இவ்வளவே. "ஒருநாளும் உப்பாது" என்பது மிகை.

"தண்ணீர் குடிக்காது" என்பதும் அப்படியே. சுவர்தான் குறைவாக வாங்குகிறது. குழலின் உள்வெளி திறந்தே இருக்கிறது. நெடுநாள் நீரில் கிடந்தால் அந்த வெளி நிறைந்து எடை ஏறும். பைன் மரத்தின் வெளிறுப் பகுதி, சில சூட்டு அளவுகளில் பதமிட்டபின், பதமிடாததைவிட அதிக நீரை உறிஞ்சியதாகவே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படி உறிஞ்சிய மரமும் பதமிடாத மரத்தைவிடக் குறைவாக உப்பும் என்பதுதான் இதில் நுட்பம்.

இந்த நன்மைக்கு விலை உண்டு. கட்டு அழிந்த கட்டிடம் எப்படியோ அப்படியே இந்த மரமும். வளையும் வலிமை நூற்றுக்கு 30 வரை குறையலாம், மரம் மொறுமொறுப்பாகிவிடுகிறது. உத்தரம், தூலம், ஏணி, ஏர்க்கால், கைப்பிடி, சக்கரம் ஆகிய பாரம் தாங்கும் எதற்கும் இது ஆகாது. ஆணியை நேரே அடித்தால் பிளக்கும்; முதலில் துளையிட்டுத் திருகாணி போட வேண்டும். மரத்தில் எஞ்சிய புளிப்பு சாதாரண இரும்பை அரிப்பதால் துருப்பிடிக்காத எஃகாணியே ஏற்றது. நீரில் கரைத்த வெள்ளைப் பசை இதில் மெதுவாகவே பிடிக்கும். மரம் நீரை வாங்காததனால் பசையும் உலர நேரமாகிறது. தச்சர் இவற்றை அறியாமல் வேலை செய்தால் மரத்துக்குக் கொடுத்த பணம் வீண்.

கரையானைப் பற்றிச் சொன்னதுதான் முழுப் பொய். வெப்பப் பதம் மரத்தை மக்கச் செய்யும் பூசணத்துக்கு எதிராக நல்ல பாதுகாப்பைத் தருகிறது. கரையானுக்கு எதிராகத் தருவதில்லை. இதைச் செய்யும் பின்லாந்துக்காரர்களே மண்ணில் நட இது ஏற்றதன்று என்று கூறுகிறார்கள். நம் செம்மண் பூமியில் வேலிக்கம்பாகவோ நிலைக்காலாகவோ இதை நட்டால் கரையான் விருந்துண்ணும்.

வேலிக்கம்பு என்றதும் ஒரு பழைய வழக்கம் நினைவுக்கு வருகிறது. கம்பின் அடியைத் தீயில் கருக்கி நடுவது பல ஊர்களிலும் உண்டு. இதுவும் வெப்பப் பதம்தானே என்று உழவர்கள் கேட்பதுண்டு. அன்று. கரி தானாக மக்காது என்பது மெய்யே. ஆனால் கருகுவது மேல்தோல் மாத்திரம். கம்பு உலர்ந்து வெடிக்கும்போது அந்த வெடிப்பின் வழியே ஈரமும் கரையானும் உள்மரத்தை அடைகின்றன. கருக்கிய கம்பு பெரிதாக அதிக நாள் நிற்பதில்லை என்பதை மேடிசன் ஆய்வுக்கூடத்தார் நட்டுப் பார்த்தே கண்டார்கள். மூங்கில் கழியைத் தீயில் வாட்டி நிமிர்த்துவதும் வேறு காரியம். அங்கே லிக்னின் சற்று இளகி மீண்டும் இறுகுகிறது, அவ்வளவே.

மண்ணில் நடுவதற்கு வேண்டியது மருந்தூட்டிய மரம். 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசன் என்ற நம் நாட்டு விஞ்ஞானி செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளைச் சேர்த்து ஒரு மருந்து கண்டுபிடித்தார். நீரில் கரைத்து மரத்துள் செலுத்தியபின் மழையால் எளிதில் கழுவப்படாமல் நிலைத்துவிடும் குணம் அதற்கு இருந்தது. உலகம் முழுவதும் பரவியது. ஆர்சனிக்கின் நச்சைக் கருதிப் பிற்காலத்தில் பல நாடுகள் அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தின. குழந்தைகள் தொடும் இடத்துக்கு அது வேண்டாம். வெண்காரமும் போரிக் அமிலமும் உளுப்பூச்சியைத் தடுக்கும். கன்னியாகுமரிப் பக்கத்து ரப்பர் மரத்துக்கு அது பொருந்தும். ஆனால் மழையில் கரைந்து போய்விடுமாதலால் வீட்டுக்குள்ளே மாத்திரம்.

மலைவேம்பும் இளந்தேக்கும் வளர்க்கும் உழவர்கள் தங்கள் மரத்துக்கு இப்பதமிட்டு விலை பெறலாமே என்று எண்ணுவது இயல்பு. ஆலை வைத்திருப்பவரிடம் கொடுத்துச் செய்விக்கலாம். செங்கல் சூளையிலோ தகர அறையிலோ தாமே முயல்வது மிக ஆபத்து. 200 டிகிரிக்கு மேல் மரம் தானாகவே சூடு பிறப்பிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து பார்த்தால் காற்றுப் புகுந்து முழு அடுக்கும் பற்றிவிடும். அவர்கள் செய்யக்கூடியது உலர்த்துதல். அறுத்த பலகைகளைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, ஒரே கனமுள்ள குறுக்குச் சட்டங்களை நேர்மேல் நேராக வைத்து, மேலே கூரை போட்டுப் பக்கங்களைக் காற்றுக்கு விடுங்கள். டேராடூன் நிலையத்தார் வகுத்த சூரிய வெப்ப அறையைப் பல விவசாயிகள் சேர்ந்து அமைத்துக்கொண்டால் இன்னும் விரைவு.

பலகையின் இரு முனைகளையும் மறவாதீர்கள். குழல்கள் எல்லாம் அங்கேதான் வாய் திறந்திருக்கின்றன. பக்கவாட்டில் ஊறுவதைவிடப் பன்மடங்கு விரைவாக முனையில் நீர் ஏறும், இறங்கும். உலர்த்தும் முன் முனையில் தார் அல்லது மெழுகு தடவினால் வெடிப்பு குறையும். கதவு செய்தபின் அடி விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் வர்ணம் பூசினால் பாதித் தொல்லை தீரும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று வர்ணக்காரர் விட்டுவிடுவது அந்த இரண்டு விளிம்புகளைத்தான்!

இனி, வெப்பப் பதமிட்டது என்று வந்த பலகையைச் சோதிக்கும் வழி. குறுக்கே அறுத்துப் பாருங்கள். உண்மைப் பதமானால் நடு வரையில் ஒரே பழுப்பு நிறம் இருக்கும். கருகிய வெல்லத்தின் வாசனை வரும். மேலே மட்டும் பழுப்பானால் அது சாயம். மின் ஈரமானி காட்டும் எண்ணை இம்மரத்தில் அப்படியே நம்பலாகாது. அக்கருவி சாதாரண மரத்துக்கென்று அளவிடப்பட்டது. அதைவிட அகலத்தை அளப்பது மேல். அதே இனத்தில் பதமிட்ட துண்டொன்று, பதமிடாத துண்டொன்று வாங்குங்கள். இரண்டும் 10 சென்டிமீட்டர் அகலம். நாரின் போக்கில் நீளம் 2 சென்டிமீட்டர் மட்டும். ஆண்டு வளையங்கள் இரண்டிலும் ஒரே வாக்கில் ஓட வேண்டும். அகலத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டு, கல்லேற்றி மூன்று நாள் நீரில் அமிழ்த்தி வையுங்கள். மறுபடி அளந்தால், தேக்கானால் பதமிடாதது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் விரிந்திருக்கும். பதமிட்டதாகச் சொன்ன துண்டு அதில் பாதியளவில் நிற்க வேண்டும். அதுவும் இரண்டரை, மூன்று என்று விரிந்திருந்தால் பில்லில் கையெழுத்திட வேண்டாம். இரண்டு துண்டுகளையும் தேதியிட்டு அலுவலகத்திலேயே வைத்திருங்கள்.